கம்ப்யூட்டருக்கு வைத்த பொட்டு

தாராவியில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருக்கும் என் கணவர், லாமிங்டன் ரோட்டில் பாகம் பாகமாக வாங்கி வந்து வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் செய்து, எங்கள் டி.வி.யோடு இணைத்தார். ஆயுத பூஜையன்று துடைப்பதற்காகக் கழற்றி வைத்திருந்தார். நான் ஒரு பாகத்தைக்கூட விடாமல் சந்தனம் வைத்தேன்.

மறுநாள் தோல்பட்டறை முதலாளி பார்க்க வந்தார். பிடித்தால் தனக்கும் ஒன்று வேண்டும் என்றிருந்தார். அவர் கண்ணெதிரே கம்ப்யூட்டர் இரண்டு முறை நின்றது. மூன்றாம் முறை உயிரே வரவில்லை. இவர் வியர்க்க விறுவிறுக்க எல்லாவற்றையும் கழற்றினார். கண்ணாடி ஃப்யூஸை வெளிச்சத்தில் பார்த்து, "கம்பி நல்லாத்தான இருக்கு" என்றார். அதன் இரு முனையிலும் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது.

"அது நான் வச்ச சந்தனம்" என்றேன்.

"ஏட்டி, கரண்டு போற எடத்துலயா வைப்ப?"

"எல்லாத்துக்கும் வச்சேன், இத மட்டும் எப்படி விட?"

மகளின் பென்சில் ரப்பரால் முனைகளைத் தேய்த்து மாட்டியதும் டி.வி.யில் எழுத்து பளிச்சென்று வந்தது. முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்கும் ஒண்ணு செஞ்சு தாரும்வே. ஆனா பொட்டு வைக்கதுக்கு முந்தியே தந்திரும்!"

இப்போதெல்லாம் கம்ப்யூட்டருக்கு மேல்மூடியில் ஒரே ஒரு பொட்டுதான். அதற்கு முன்னால், முதல் பொட்டு அந்த ரப்பருக்கு.