மூன்றடிக் கோணல்

ஆயத்தொலை வடிவியல் நடத்தி முடித்த வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்தாம் வகுப்பில் அந்தப் பாடம் எனக்கு வந்த மாதிரி வேறு யாருக்கும் வரவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் கட்டத்தாளில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் பார்த்துத்தான் ரெட்டியார்பாளையத்து மனையில் எங்கள் வீட்டுக்கு அப்பா முளை அடித்தார். மில் வேலையில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய மனை. அதை ஒட்டித்தான் அப்பாவின் தங்கை குடியிருந்தார். மாமா தவறிய பிறகு சோறாக்கி விற்றுப் பிள்ளைகளை வளர்த்துவந்தார். அவருடைய அடுப்புக் கொட்டகை எங்கள் மனையின் பின்மூலைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும்.

அஸ்திவாரம் தோண்டும் முகூர்த்தத்துக்கு முந்தின மாலை, தம்பியை டேப்பின் நுனியைப் பிடிக்கச் சொல்லி அளந்தேன். தெருப்பக்கம் x அச்சு, முதல் முளை ஆதிப்புள்ளி. முன்னால் முப்பதடி, பின்னாலும் முப்பது. இரண்டு பக்கமும் நாற்பதடிக்குச் சொச்சம், அவையும் சமம். வேறு யாராயிருந்தாலும் செவ்வகம் என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். நான் விடுவேனா? மூலைவிட்டங்களைப் போட்டேன். ஒன்று ஐம்பத்திரண்டு, மற்றது நாற்பத்தெட்டு! பின்முளைகள் இரண்டும் கொட்டகையை விட்டு மூன்றடி தள்ளி நின்றன. எங்கள் வீடு வெறும் இணைகரம். சந்தோஷத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

காலையில் தேங்காய் உடைத்த கையோடு, எல்லார் எதிரிலும் கட்டத்தாளை விரித்தேன். சூத்திரம், வர்க்கமூலம், ஒன்றையும் விடவில்லை. மூலை கோணினால் வீட்டுக்கு ஆகாதே என்று பெரியப்பா முகம் சுளித்தார். கொத்தனார் குனிந்து மண்ணைப் பார்த்தார். எனக்கோ உற்சாகம் தாங்கவில்லை.

"அந்தக் கொட்டகையப் பிரிச்சுட்டா முளைய நேரா அடிச்சுடலாம்பா" என்றேன்.

தட்டில் கற்பூரம் ஏந்தி நின்ற அத்தை அப்பாவைப் பார்த்தார். அப்பா டேப்பைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டார்.

"ஒன் கணக்குலதான் எங்கியோ தப்பு இருக்குது. போய் மறுபடியும் போட்டுப் பாரு" என்றவர், கொத்தனாரைத் தோண்டச் சொல்லிவிட்டார்.

ஊரே பார்க்க அழுதேன். பிறகு நாலு தடவை போட்டேன், நாலு தடவையும் அதே விடைதான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் பெரிதாக 'சரி' போட்டுக் கொடுத்ததை ஓடிவந்து அப்பாவின் மூக்குக்கு நேரே நீட்டினேன். வெகுநேரம் பார்த்தவர், அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தையின் கொட்டகையில்தான் எங்களுக்குச் சாப்பாடு. எல்லோருக்கும் ஒவ்வொரு துண்டு வறுத்த மீன். என் தட்டில் மட்டும் இரண்டு வைத்தார். ஒருவழியாக என் கணக்கு சரியென்று இந்த அத்தைக்காவது தெரிந்ததே என்ற பெருமையோடு, முள்ளை மட்டும் விட்டுவிட்டு முழுவதையும் தின்றேன்.