மாடிவீட்டுப் போன், கீழ்வீட்டுத் திரை

காளிராஜ் முப்பது வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். சங்கரன்கோவிலிலிருந்து பனவடலிசத்திரம் வழியாகத் திருநெல்வேலி போகும் வண்டியில்தான் பெரும்பாலும் டூட்டி. யார் எந்த ஸ்டாப்பில் இறங்குவார்கள் என்பது கேட்காமலே தெரியும் என்று அவருக்கு ஒரு பெருமை உண்டு. ஓய்வு பெற்றதும் ஓய்வூதியர் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாளைக்கு நூறு செய்தி வரும். கண் ஆபரேஷனுக்குப் பிறகு போன் எழுத்தெல்லாம் அவருக்கு எறும்பு ஊர்வது மாதிரிதான்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் மாரிசெல்வி தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்திருந்தாள். வயரே இல்லாமல் போனில் வருவதெல்லாம் அதில் பெரிதாகத் தெரியுமாம். ஒரு சனிக்கிழமை காலையில் போனிலேயே வழி சொன்னாள்.

"ரெண்டுலயும் வைஃபை ஆன்ல இருக்காப்பா?"

"இருக்கு."

"இப்ப போன்ல மேல இருந்து கீழ இழுங்க. காஸ்ட்னு, திரையை அனுப்புற பட்டன் ஒண்ணு இருக்கும்."

இழுத்தார். ஒன்றை அமுக்கினார், டார்ச் எரிந்தது. பக்கத்தில் இருந்த விமானப் படத்தை அமுக்கினார். மகள் குரல் நின்றுவிட்டது. போன் ஏன் செத்துப்போனது என்று கண்டுபிடிக்கவே பத்து நிமிஷம் ஆனது. பிறகு மனைவி முப்பிடாதியம்மாள் போனிலிருந்து மகளைக் கூப்பிட்டார்.

"லேப்டாப்புல எது கேட்டாலும் அனுமதின்னு அமுக்குங்கப்பா. எனக்கு மீட்டிங் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

சொன்ன மாதிரியே லேப்டாப்பில் ஒரு கட்டம் வந்தது. ஏதோ ஒரு போன் சேர விரும்புகிறது, விடலாமா என்று கேட்டது. அனுமதியை அமுக்கினார். திரை முழுக்க, முன்பல் இல்லாத ஒரு சின்னப் பிள்ளை சிரித்தது. கையிலிருந்த போனைப் பார்த்தார். அதில் கோபுரப் படம்தான் இருந்தது. போனைத் தேய்த்தார். லேப்டாப் அசையவில்லை. கையை எடுத்தார். அது தானாக நகர்ந்தது.

"ஏட்டி, இங்கன வா! எவனோ நம்ம போனுக்குள்ள புகுந்துட்டான்!"

முப்பிடாதியம்மாள் வந்து குனிந்து பார்த்தாள். "இது மாடிவீட்டுச் சின்னக்குட்டி ஹனால்லா?"

ஹனாவின் அம்மா ஹஸ்னா பானு மாடியில் வாடகைக்குக் குடியிருப்பவள். கடையநல்லூர்க்காரி, இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கணவர் ரிஸ்வான் அகமது சவுதியில் தம்மாமில் இருந்தார். அந்த வீட்டுப் பிள்ளையின் படம் தன் லேப்டாப்புக்கு எப்படி வந்தது என்று காளிராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் வாட்ஸ்அப்பில் ரிஸ்வான் பெயர் திறந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

'இன்னைக்கும் தண்ணி நின்னுபோச்சு மச்சான். பிள்ளையைக் குளிப்பாட்ட ரெண்டு குடம்தான் கெடச்சுது. அண்ணாச்சி நல்லவங்க, கேக்கவே கூச்சமா இருக்கு. வேற வீடு பாக்கட்டுமா?'

"அடுத்தவ எழுதுறதை என்னத்துக்குப் பாக்கீய?" என்றாள் முப்பிடாதியம்மாள்.

"எப்படி நிப்பாட்டன்னு தெரியலையே!" என்று சொல்லிக்கொண்டே மூடியைச் சாத்தினார்.

சாத்திய பிறகுதான் குழப்பம் கூடியது. போன வருஷம் மாடிக்குப் போகும் குழாயில் கசிவு வந்தபோது, வால்வைப் பாதி அடைக்கச் சொன்னது அவரேதான். திறக்கச் சொல்ல மறந்துவிட்டார். பேசாமல் பிளம்பரைக் கூப்பிட்டுச் சரி பண்ணிவிடலாம். ஆனால் தன் போன் கீழே தெரிவது ஹஸ்னாவுக்குத் தெரியாதே. நாளைக்கு இன்னும் என்னவெல்லாம் தெரியுமோ? சொன்னால் வேவு பார்த்தவர் என்று நினைப்பாளோ? சொல்லாவிட்டால் அதுதானே வேவு? படிவரைக்கும் போய் இரண்டு தடவை திரும்பி வந்தார். மூன்றாம் தடவை ஏறிவிட்டார்.

"அம்மா, உன் போன் என் லேப்டாப்புல தெரியுது. எப்படின்னு எனக்குத் தெரியலை. நீ எழுதுனதைப் படிச்சிட்டேன்."

ஹஸ்னாவின் முகம் மாறிவிட்டது. கையிலிருந்த போனைச் சட்டென்று ஆஃப் செய்தாள். "எவ்வளவு நேரம் பாத்தீங்க?"

"ஒரு நிமிஷம் இருக்கும். தண்ணி விஷயம்தான். உடனே மூடிட்டேன். வால்வை அடைக்கச் சொன்னதும் நான்தான்மா."

அவள் கதவைச் சாத்தினாள். சாயங்காலம் பிளம்பர் வந்து வால்வை முழுசாகத் திறந்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் ஹஸ்னாவே இறங்கி வந்தாள்.

"பிள்ளைக்கு டிவியில கார்ட்டூன் போடத்தான் அண்ணாச்சி பாத்தேன். எதுல போடணும்னு போன்ல ரெண்டு பேரு காட்டுச்சு. டிவின்னு நெனச்சு நான் அமுக்குனது உங்க லேப்டாப் பேரு. டிவியில ஒண்ணும் வரலை, அப்படியே விட்டுட்டேன். நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. நேத்து கோவத்துல கதவைச் சாத்திட்டேன்."

"படிச்சது என் தப்புதாம்மா."

"தண்ணி வரலைன்னு நானும் வாயைத் திறந்து சொல்லியிருக்கணும்."

அவளே உட்கார்ந்து, வேறு எந்தப் போன் வந்தாலும் லேப்டாப் ரகசிய எண் கேட்கிற மாதிரி மாற்றினாள். அவருடைய போனையும் சேர்த்துக் கொடுத்தாள். சங்கத்துச் செய்தியெல்லாம் உள்ளங்கை அகலத்துக்கு வந்து நின்றது.

வேறு வீடு பார்க்கும் பேச்சு நின்றுவிட்டது. ஆனால் நடுவில் இருக்கும் கான்கிரீட் தளத்தைத் தாண்டி ஒருத்தி எழுதுவது எப்படிக் கீழே இறங்கி வந்தது என்பது மட்டும் காளிராஜுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. மகள் இரண்டு தடவை விளக்கினாள். "சரி மக்கா, சரி மக்கா" என்று கேட்டுக்கொண்டார்.