தட்டிப் பார்த்த கதவு

இத்தாலியின் டூரின் நகரத்து ஷோரூமுக்கு எந்தப் புது கார் வந்தாலும் முதல் ஆளாகப் போய்க் கதவை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார் எவாசியோ. அன்றும் தட்டினார்.

“தகர டப்பா! வெளிய மூஞ்சி முழுக்க வாயி மாதிரி கம்பி வலை, உள்ள டிவிப் பெட்டி. ஏசியைக் கூட்ட ஒரு திருகு கிடையாது. எந்த ரசனை கெட்ட பய இதை வரைஞ்சான்?”

விற்பனைப் பெண் ஒர்னெல்லாவுக்கு இந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

“சார், நீங்க கடைசியா எப்ப புது வண்டி வாங்குனீங்க?”

“வாங்குனதே இல்ல. என்கிட்ட இருக்குற மூணும் பழசுதான். அதுலதாம்மா உசிரு இருக்கு.”

“வாங்குறவங்க டிவி கேக்குறாங்க, கம்பெனி வைக்குது. உங்களை எதுக்கு சார் கேக்கணும்?”

எவாசியோ வெளியே வந்து டிராமுக்காக நின்றார். உயிருள்ள அந்த மூன்று வண்டிகளையும், புகை கக்குகின்றன என்று, நகருக்குள் விடுவதில்லை.