பேசுவதற்கும் கங்காணியா?

காலையில் வகுப்புக்குள் போனதும் முதல் வேலையாக நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன். சுற்றுலா எங்கே போவதென்று பிள்ளைகள் கலந்து பேச வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த டாக்டரின் மகளைக் கலந்துரையாடலுக்குத் தலைவியாக்கினேன். அவள் மட்டும் பேசினாள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளும் பசறை டவுன் முஸ்லிம் பிள்ளைகளும் தலையாட்டினார்கள்.

இந்தப் பள்ளித் தவணை முழுக்க வாயே திறக்காத செல்வி மெதுவாகக் கேட்டாள்:

"கொழுந்து பறிக்கிறதப் பாத்துக்கத்தான் கங்காணி. பேசுறதுக்குமா மிஸ்?"

எல்லாரும் சிரித்தார்கள். தலைவிதான் அதிகம் சிரித்தாள்.

"நான் விலகுறன் மிஸ். எனக்கும் களைச்சுப்போச்சு."

மணியடித்த பிறகும் ஒருவரும் எழும்பவில்லை. செல்விக்குக் கடல் பார்க்க வேண்டுமாம். டவுன் பாத்திமாவோ, "அவ்வளவு தூரம் பஸ்ல வாந்தி எடுக்கிறது நாங்கதானே" என்று விடாமல் வாதாடினாள்.

நாளை நானும் வட்டத்தில் உட்கார்ந்து, பாடம் முடியும்வரை வாயைத் திறக்காமல் இருக்கப்போகிறேன். பிள்ளைகளுக்கு இன்னும் தெரியாது. வீட்டிலும் சொல்லவில்லை, சிரிப்பார்கள்.

என்னால் முடியும் என்று நம்புகிறவர்கள் கை தூக்குங்கள்.