ஸவாஹிரா கொடுக்காத மாப்பு

பதுளு ஓயா பெருகி ஊருக்குள் வந்த அன்று, ஆற்றோரக் குடிசைக்காரர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஷுக்ரி முதலாளியின் புடவைக்கடை மாடிக்கு ஓடினார்கள். முதலாளி கதவைத் திறக்கவில்லை. துணி நனைந்துவிடுமாம்! இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, தன் குடிசையும் தையல் மெஷினும் ஆற்றோடு போவதைப் பார்த்தாள் கைம்பெண் ஸவாஹிரா.

அடுத்த வருடம் முதலாளிக்கு ஹஜ்ஜுக்குப் போகும் ஆசை வந்தது. புறப்படுமுன், மனம் நோகச் செய்தவர்களிடமெல்லாம் மாப்பு, அதாவது மன்னிப்புக் கேட்பது வழக்கம். குடிசைக்காரர்களோ, “ஸவாஹிரா தந்தா நாங்களும் தாறோம்” என்று கையை விரித்துவிட்டார்கள்.

“மாப்புத் தாங்கோ, தங்கச்சி” என்று ஸவாஹிரா வெள்ளத்துக்குப் பின் கட்டிய கொட்டிலுக்கே வந்து கேட்டார் முதலாளி.

“ஒழுகுற கூரைக்குக் கீழ மாப்பு வாயில வருகுதில்ல, நானா” என்றாள் அவளும் அண்ணன் முறை வைத்து.

கூரை வந்தது. சுவர் வந்தது. புது மெஷினும் வந்தது. ஸவாஹிரா பக்கத்துக் குடிசையைக் காட்டினாள்.

“அவ நம்மட ஆள் இல்லயே!”

“அவட புள்ளயும் தண்ணியிலதானே நிண்ட?”

“ஆமாங்க முதலாளி, ஓடு போட்டுக் குடுங்க, நானும் யோசிக்கிறேன்” என்றாள் அந்த வீட்டு ரெங்கம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

இப்படியே வரிசை முழுவதும் எழும்பியது. புதுமனைக்குப் பால் காய்ச்சிய வீடுகளில் முதலாளிக்கும் ஒரு கோப்பை கிடைத்தது, மாப்புத்தான் கிடைக்கவில்லை. பயணத்துக்கு முதல் நாள் அழாத குறையாக வந்து நின்றார்.

“எல்லா வீடும் முடிஞ்சிட்டே, தங்கச்சி!”

“வீடு முடிஞ்ச, நானா. கோபம் முடியல்ல. பொய்ட்டு வாங்கோ. வந்த பொறகு கிணறு வெட்டுவோம்.”