போர்வெல் வறண்டதா என்று பார்க்கப் பீன்யா வரை

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பெங்களூரின் தென்கோடி எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வடகோடி பீன்யாவுக்குப் போய் வந்தேன். ஊர் சுற்ற அல்ல. எங்கள் அபார்ட்மென்ட் போர்வெல் வறண்டுவிட்டது, திங்கட்கிழமை மோட்டாரைத் தூக்கிவிட்டு மூடிவிடுவோம் என்று செயலாளர் அறிவித்திருந்தார். அப்புறம் எல்லாம் டேங்கர் தண்ணீர்தான். வாடகையோடு அந்தச் செலவும் சேர்ந்தால் நான் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். "யார் சார் அளந்தது?" என்று கேட்டேன். "வாடகைக்கு இருக்கறவங்களுக்கு எதுக்கும்மா அதெல்லாம்?" என்றார். வந்ததே கோபம்! நானே அளந்து பார்த்துவிடுவது என்று கிளம்பிவிட்டேன்.

மெட்ரோவில் மஞ்சள் தடம், ஆர்.வி. ரோட்டில் மாறினால் பச்சைத் தடம். தொண்ணூறு ரூபாய், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். மாறும் இடத்தில் கூட்டம் பிதுங்கும், சீக்கிரம் கிளம்புங்கள். பீன்யாவில் ஏற்றிக்கொண்ட ஆட்டோக்காரர் கிருஷ்ணகிரிக்காரர். "கயித்துல கல்லக் கட்டி எறக்குனா தெரிஞ்சிடப் போவுது, இதுக்கா மேடம் இவ்ளோ தூரம்?" என்று சிரித்தார். "ஆயிரம் அடிண்ணா" என்றேன். "அய்யய்யோ!" என்று வண்டியை முடுக்கினார்.

பம்ப் கடையில் நீர்மட்ட டேப் வாடகைக்குக் கிடைத்தது. நுனியில் ஓர் உலோகக் குண்டு, தண்ணீரைத் தொட்டதும் பீப் அடிக்கும். சுருள் நல்ல கனம், திரும்பி வருவதற்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது.

வந்ததும் மோட்டார் போடும் மஞ்சுவைப் பிடித்தேன். அளந்தது அவர்தானாம். "எப்போ அளந்தீங்க?"

"டேங்க் ஃபுல் பண்ணிட்டு, மேடம். பாதியில ஆஃப் பண்ணா எல்லாரும் ஜகளாவுக்கு, சண்டைக்கு வருவாங்க."

அடக் கடவுளே! காலையெல்லாம் உறிஞ்சிவிட்டு, மோட்டார் நின்ற கையோடு அளந்தால் மட்டம் அடியில்தானே இருக்கும்? ஓடி வந்தவன் மூச்சு வாங்குவதைப் பார்த்து ஆஸ்துமா என்ற கதைதான்.

அன்று மாலையே மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். ஞாயிறு காலை குழாய் காற்று விட்டது, பாதிப் பேர் என்னைத் திட்டினார்கள். திட்டட்டும். அவர்கள் கண்ணெதிரிலேயே டேப்பை இறக்கினேன். மஞ்சு சொன்ன அளவு அறுநூற்றெண்பது அடி, மோட்டார் தொங்கும் ஆழத்துக்குப் பக்கம். இப்போது நானூற்று முப்பதிலேயே பீப் அடித்தது. திட்டியவர்களே கைதட்டினார்கள்.

வீடியோவை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன், அட்மின் அழித்தார். மறுபடி போட்டேன், மறுபடி அழித்தார். சரிதான் போ என்று பெயின்ட் வாங்கி, தேதியையும் மட்டத்தையும் பம்ப் அறைச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதினேன். திங்கட்கிழமை மோட்டாரைத் தூக்க வந்த வண்டியைக் குடியிருப்பவர்களே திருப்பி அனுப்பினார்கள்.

நீங்களும் அளப்பதாக இருந்தால் ஓர் இரவாவது போர்வெல்லுக்கு ஓய்வு கொடுங்கள். அளந்ததை யாரும் அழிக்க முடியாத இடத்தில் வையுங்கள்.

செயலாளர் இன்னும் முறைக்கிறார். "சுவருக்கு வெள்ளை அடிச்சிருவேம்மா" என்றார் நேற்று.

"அடிங்க சார். மறுபடி எழுதினா பளிச்சுன்னு தெரியும்."