சத்தம் வராத சண்டை

எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். பெரியவன் நாலைந்து வருடமாக இருக்கிற கடுவன். சின்னவள் போன மழைக்காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தவள். அங்கே நாத்தனார் வீட்டுப் பூனை குட்டி போட்டிருந்தது. பார்க்கப் போன நான் சும்மா வராமல் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ராஜபாளையம் பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

குட்டி கொஞ்சம் சதை போட்டதும் ஆரம்பித்தது. பெரியவன் பதுங்கி வந்து மேலே விழுவான். இவள் மல்லாந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு பின்னங்கால்களால் வயிற்றில் உதைப்பாள். அவன் அவள் காதைக் கடிப்பான். கட்டிலுக்கு அடியில், கிரைண்டருக்குப் பின்னால் என்று ஒரே உருளல். இத்தனையும் துளிச் சத்தம் இல்லாமல். அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் தேவதானத்துக்காரி. எங்கள் குடும்பத்தில் கத்திக்கொண்டிருந்தால் எல்லாரும் நன்றாக இருக்கிறோம் என்று அர்த்தம். குழம்பில் உப்பு குறைந்தால் தெருவே கேட்கக் கத்துவோம், கத்திக்கொண்டே சாப்பிட்டும் முடிப்போம். நிஜமான கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். என் அப்பாவும் சித்தப்பாவும் ஒரு வரப்புக்காகப் பேச்சை நிறுத்தியவர்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துப் பாடிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போவார்கள். வீட்டுக்காரரும் என் அத்தை மகன்தான், அதே ரத்தம். இப்படி வளர்ந்தவளுக்கு, வாய் திறக்காமல் கடித்துக்கொள்கிற இரண்டு உயிர்களைப் பார்த்தால் என்ன தோன்றும்?

ஓடிப்போய் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டுவேன். இரண்டும் பிரிந்து என்னை ஒரு மாதிரி பார்க்கும். நான் அடுப்படிக்குத் திரும்புவதற்குள் மறுபடி கட்டிப் புரளும்.

"ஏட்டி, அது வெளாடுது. நீ எதுக்குக் கெடந்து தட்டுத?" என்பார் வீட்டுக்காரர்.

"வெளாட்டுன்னா ஒரு சத்தம் வராதா? ரெண்டுக்கும் ஊமைக் கோவம். அதான் பயமா இருக்கு."

ஒரு நாள் சின்னவளின் கண்ணோரத்தில் கீறல். கண் போயிருந்தால்? இவளைப் பிறந்த வீட்டிலேயே விட்டுவிடுகிறேன் என்றேன். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டார்.

நாத்தனார் பூனைப்பையை வாங்கிக்கொண்டே கேட்டாள். "அண்ணன் என்ன சொல்லுச்சு மதினி?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமே சொல்லலையா? அப்பம் கோவமாத்தான் இருக்கும்."

வீட்டுக்கு வந்தால் பெரியவன் கட்டிலுக்கு அடியிலும் கிரைண்டருக்குப் பின்னாலும் தேடிக்கொண்டிருந்தான். சோற்றைத் தொடவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து கத்தினான். எதிரி போனதற்கு எவனாவது அழுவானா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்தப் பக்கம் பூனையின் அழுகை, அந்தப் பக்கம் வீட்டுக்காரரின் மௌனம். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, போய்த் திரும்பக் கூட்டி வந்தேன்.

நடுவீட்டில் பையைத் திறந்தேன். பெரியவன் மோந்து பார்த்தான். மயிர் சிலிர்த்து உறுமினான். இவள் சீறினாள், வீறிட்டாள். எனக்குச் சந்தோஷம் பொங்கியது.

"பாத்தியளா, பேச ஆரம்பிச்சிட்டு!" என்று கை தட்டினேன்.

அடுத்த நிமிடம் மயிர் பறந்தது. பிரிக்கப் போன வீட்டுக்காரரின் கையில் ரத்தம். சின்னவள் கட்டிலுக்கு அடியில் போய் மூத்திரம் விட்டுவிட்டு, கூப்பிட்டும் வரவில்லை.

எங்கள் ராஜபாளையம் நாய்க்குப் பேர்போனது. கால்நடை ஆஸ்பத்திரியில் வரிசை முழுக்க நெட்டை நெட்டையாக நாய்கள். நடுவில் நான் பூனைப்பையோடு. டாக்டர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"சத்தமில்லாமப் பொரண்டா வெளாட்டும்மா. மாறி மாறி மேல விழுந்துச்சுல்ல? நகம் பட்டுருக்கும், நுனிய வெட்டி விடுங்க. உறுமுனா, சீறுனாதான் சண்டை. இது இப்போ வேற வீட்டு வாசத்தோட வந்துருக்கு, பெருசுக்கு ஆள் தெரியல. தனித்தனி ரூம்ல வைங்க. ஒண்ணு படுத்த துணிய இன்னொண்ணுகிட்டப் போடுங்க. கதவுக்கு ரெண்டு பக்கமும் சோறு வைங்க. பொறவு பாப்போம்."

"சேரலைன்னா?"

"ஒண்ண யாருக்காவது குடுக்க வேண்டியதுதான்."

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. விளையாட்டைத் தட்டித் தட்டிப் பிரித்தவள், சண்டைக்குக் கை தட்டியிருக்கிறேன். அப்படியானால் ஒரே புத்தகத்தைப் பிடித்துப் பாடிய அப்பாவும் சித்தப்பாவும்? அது கோபம்தானா? இனி யாரிடம் போய்க் கேட்பது?

இரண்டும் படுத்த துணிகளை இடம் மாற்றிப் போட்டேன், கதவின் இருபுறமும் கருவாட்டுச் சோறு வைத்தேன். முதலில் கதவிடுக்கில் உறுமல் வந்தது. பிறகு உறுமல் குறைந்து, கதவுக்கு அடியில் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பாதம், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பாதம்.

ஒரு சாயங்காலம் வீட்டுக்காரர்தான் கதவைத் திறந்தார். இப்போதும் சேராமல் இவளைக் கொடுத்துவிட நேர்ந்தால், இந்த வீட்டில் நான் எப்படி இருப்பேன்? கையில் தட்டும் கரண்டியும் இருந்தன, எதற்கு என்று எனக்கே தெரியாது. பெரியவன் பதுங்கினான். பாய்ந்தான். சின்னவள் மல்லாந்தாள். ஆண்டவரே, சத்தம் வரக் கூடாது.

வரவில்லை. இரண்டும் உருண்டு கிரைண்டருக்குப் பின்னால் போயின.

வீட்டுக்காரர் மெல்ல என் கையிலிருந்து கரண்டியை வாங்கினார். அவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"இன்னும் கோவமா? வாயத் தொறந்து ஏதாவது சொல்லுங்களேன்!" என்று கத்தினேன்.

அவர் உதட்டில் விரல் வைத்து, பூனைகள் போன பக்கம் காட்டினார்.